பக்கத்து வீட்டுல ஒருத்தர் சொல்லணும்

தம்பி, தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க போன்ல பேசுனது காதுல உழுந்துருச்சு. பஸ்ஸுல பக்கத்துச் சீட்டுல உட்கார்ந்துட்டு காதைப் பொத்திக்க முடியுங்களா. சிபில்ல 'செட்டில்டு'ன்னு காட்டுது, வீட்டு லோனு தர மாட்டேங்கறாங்கன்னு சொன்னீங்கல்ல, அதைக் கேட்டதும் என்னால வாய மூடிட்டு உட்கார முடியல. கோபி வரைக்கும் போறீங்களா? அப்பச் சரி, பேசலாம். அந்தப் பின்சீட்டுல செவப்புச் சட்டை போட்டிருக்கறவரு உங்ககூட வந்தவருங்களா? இல்லையா. சும்மாதான் கேட்டேன். புஷ்பா ஸ்டாப்புல ஏறுனதுல இருந்து நம்மளையே பாக்கறாப்பல இருந்துச்சு. சன்னலத்தான் பாக்கறாரு போல. சரி உடுங்க.

எனக்கும் இதே கதைதானுங்க. அதான் சொல்றேன், லோனு கெடைக்கும். எனக்குக் கெடச்சுது. ஊடே கிரயம் ஆயிருச்சு. நீங்க வெசனப்படாதீங்க. எனக்கு எப்பவுமே பெருசாப் பயமெல்லாம் இருந்ததில்ல. பயந்தவ என்ற ஊட்டுக்காரிதான். சாந்தாமணின்னு பேரு, பனியன் கம்பெனில செக்கிங் பகுதிய முச்சூடும் அவதான் பாத்துக்கறா. அவளுக்காகத்தான் நான் அத்தனையும் பொறுத்துக்கிட்டது.

என்ற பேரு தெய்வசிகாமணி. இப்ப பீஸ் ரேட்டுக்கு டெய்லரு. முன்னால நானே சொந்தமா மிசின் போட்டு, பெரிய கம்பெனில இருந்து ஜாப் ஒர்க் எடுத்து ஓட்டிட்டிருந்தேன். நான் தச்சுக் குடுத்துட்டிருந்த கம்பெனி ஒரு நாள் ஷட்டரைச் சாத்திருச்சு. எனக்கு வர வேண்டியது அதுக்குள்ளயே போயிருச்சு. மிசினுக்கு வாங்குன லோனு, அதைக் கட்டறதுக்கு வாங்குன பர்சனல் லோனு, அதைக் கட்டறதுக்குத் தேய்ச்ச கார்டு. உங்களுக்குத் தெரியாததா.

கடன் வசூலுக்கு ஆளுக வர ஆரம்பிச்சாங்க. கத்தறவனுக்கு நான் பயப்படலீங்க. கத்தறவன் கத்திட்டுப் போயிருவான். ஒருத்தன் வருவான், இளநீலச் சட்டை, நெத்தில துந்நூறு, பாத்தா கோயிலுக்குப் போயிட்டு வர்றவனாட்ட இருப்பான். கொரலையே ஒசத்த மாட்டான். எதுத்த டீக்கடைல உட்கார்ந்துக்குவான். என்ற பொண்ணு பிருந்தா அப்ப சின்னப் புள்ள, ஸ்கூல் பையை மாட்டிட்டு வெளிய வந்தா, "பாப்பா, வேன் எந்தப் பக்கமாப் போகும்?"ம்பான். அவ்வளவுதான். கேட்டுட்டுச் சிரிப்பான். அது பதில் சொல்லிட்டு டாட்டா காட்டிட்டுப் போகும். நான் சன்னலுக்குப் பின்னால நின்னு பாத்துட்டிருப்பேன். வேன் தெருமுனை திரும்பற வரைக்கும் நகர மாட்டேன்.

பிருந்தாவ என்ற மாமியா ஊட்டுக்கு அனுப்பிட்டோம். முன்கதவுல பூட்டுப் போட்டுட்டு நாங்க ஊட்டுக்குப் பின்னால பொடக்காளி வழியாப் போயி வந்தோம். லைட்டுப் போடறதில்ல. குக்கர் விசில் அடிச்சாக் கேக்கும்னு சட்டில சோறாக்குனோம்.

அப்ப எங்களக் காப்பாத்துனது ருக்குமணியக்காதான். அதையும் சொல்லோணும், இல்லைன்னா பாவம். ஒரே காம்பவுண்டுல ரெண்டு போர்ஷன். முன்னால அவங்க, பின்னால நாங்க. ஊட்டுக்காரரு தவறிப்போயி ஒண்டியா இருந்தவங்க. கம்பெனித் துணிய மூட்டையாக் கொண்டாந்து வாசல்ல போட்டுட்டு பிசிறு வெட்டிட்டு இருப்பாங்க. எவன் வந்தாலும் அவங்களத் தாண்டித்தான் வரோணும். "அவிய காலி பண்ணிட்டாங்களே. கேரளாப் பக்கம் போயிட்டதாச் சொன்னாங்க." தலைய நிமுத்தாமச் சொல்லுவாங்க. கத்தரி அது பாட்டுக்கு வெட்டிட்டே இருக்கும். அந்த இளநீலச் சட்டைக்காரன் ஒரு நாள் பொழுது சாயற வரைக்கும் அவங்க வாசல்லயே உட்கார்ந்திருந்தான். அவனுக்கு மோர் குடுத்தாங்க. ஆனா ஒரு வார்த்தை மாத்திச் சொல்லல. உள்ள நான் கட்டிங் டேபிளுக்கு அடில படுத்திருந்தேன். சாந்தாமணி பயந்துருவாளேன்னுதான் நான் படுத்தது. அவ சேர்ல உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆஞ்சுட்டு இருந்தா.

கடைசில மிசினு போச்சு, அவ நகை போச்சு. பேங்குல பேசி ஒரு தொகை கட்டுனோம், மீதிய அவங்க தள்ளுபடி பண்ணாங்க. 'செட்டில்மெண்ட்டு'ன்னாங்க. நான் அந்த வார்த்தையக் கேட்டு அழுதுட்டேன் தம்பி. நல்ல வார்த்தைதானுங்களே அது? பொண்ணு கட்டிக்குடுத்து செட்டில் ஆயிட்டா, பையன் வேலைல செட்டில் ஆயிட்டான்னா சந்தோசமாச் சொல்றோம். அது கம்ப்யூட்டருக்குள்ள போனா மட்டும் கெட்ட வார்த்தையாயிரும்னு யாருக்குத் தெரியும்.

அப்பறம் சில வருசம் நல்லாத்தான் போச்சு. போன வருசம் ஹவுஸ் ஓனர் வந்தாரு. காம்பவுண்ட விக்கப் போறேன், குடோன் கட்டறதுக்கு ஒரு பார்ட்டி கேக்கறாங்க, இத்தன நாளு இருந்திருக்கீங்க, வாங்கறதா இருந்தா ஆடிக்கு முன்னால கிரயம் பண்ணிக்குங்கன்னாரு. சாந்தாமணி உடனே சரின்னுட்டா. லோனுங்கறாளே. மறுபடியும் லோனு.

மொதல்ல போன பேங்குல அந்த அதிகாரி கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டுனாரு. "உங்க பேர்ல செட்டில்டுன்னு இருக்குதுங்க சார். நாங்க குடுக்க முடியாது." நான் எந்திரிச்சிட்டேன். சாந்தாமணி எந்திரிக்கல. "இதை மாத்தறதுக்கு என்ன பண்ணோணுமுங்க?"ன்னு கேட்டா. அவரு யோசிச்சுட்டு, அன்னிக்குத் தள்ளுபடி பண்ணதையும் கட்டிட்டு, பாக்கி இல்லைன்னு அந்த பேங்குல எழுதி வாங்குனா 'செட்டில்டு' போயி 'க்ளோஸ்டு'ன்னு வரும், அப்பவும் நாங்க தருவோம்னு சொல்ல முடியாது, வேற எங்கயாவது பாருங்கன்னாரு.

அந்த பழைய பேங்குக்கு நாமளாப் போன் பண்றதாம் தம்பி. தூங்கற நாய எழுப்பி, நாந்தான் அன்னிக்கு ஓடுனவன்னு சொல்றாப்பல. போன்ல அதே பாட்டு வந்துச்சு, காத்திருக்கச் சொல்லிப் போடுவாங்களே, அந்தப் பாட்டு. நான் பாத்ரூமுக்குள்ள போயி கொழாயத் தொறந்து விட்டுட்டு நின்னுட்டேன். வெளிய வந்தப்ப அவ பேசி முடிச்சிருந்தா. "என்ன சொன்னாங்க?"ன்னேன். "நல்லாத்தான் பேசுனாங்க"ன்னுட்டு அரிசி களையப் போயிட்டா. உள்ளுக்குள்ள நடுங்கியிருப்பா. வெளிய காட்டிக்க மாட்டா.

சீட்டு எடுத்து, ஓவர்டைம் பாத்து, அதையும் கட்டுனா. பாக்கி இல்லைன்னு காயிதம் வந்துச்சு. அப்பறம் வேற ஒரு பேங்கு. அங்க ஒரு மேடம். சாந்தாமணி உட்கார்ந்ததும் ஆதியோட அந்தமாச் சொல்லிட்டா, ஒன்னையும் மறைக்கல. எனக்கு வேர்த்து ஊத்துது. அந்த மேடம் எல்லாத்தையும் கேட்டுட்டு, "உங்க சம்பளம் மட்டும் பத்தாது, சாரையும் சேத்துக்கலாம்"னு ரெண்டு பேருகிட்டயும் கையெழுத்து வாங்குனாங்க. கடைசியா ஒன்னு சொன்னாங்க. "ஊட்டுக்கு ஆள் வருவாங்க. விசாரிப்பாங்க. நேரம் சொல்ல மாட்டாங்க."

அன்னில இருந்து எனக்குச் சோறு எறங்கல. ஆள் வருவாங்க. விசாரிப்பாங்க. உங்க ஊட்டுக்கும் வருவாங்க தம்பி, தெரிஞ்சு வெச்சுக்குங்க.

ஒரு நாள் கம்பெனில துணி வரலைன்னு நான் ஊட்டுல இருந்தேன். பொழுது நல்லா ஏறி இருக்கும். வாசல்ல வண்டி நிக்கற சத்தம். எட்டிப் பாத்தேன். ஹெல்மெட்டைக் கழட்டாம ஒருத்தன், தோள்ல பை, கைல போனு. "தெய்வசிகாமணி ஊடு இதானுங்களா?"

என்ற பேரு தம்பி. முழுப்பேரு. அப்படி முழுசா என்ற பேரைச் சொல்றவங்க யாருன்னு நெனைக்கறீங்க? சாதிசனம் 'சிகாமணி'ம்பாங்க. கம்பெனில 'டெய்லரண்ணா'. முழுப்பேரு சொல்லிட்டு வந்தது அந்த வசூல்காரனுக மட்டுந்தான். இது லோனுக்கு வந்த ஆளுன்னு மண்டைக்குத் தெரியுது. தெரியாமயா. ஆனா காலு கேக்கல. கம்முனு உள்ள போயிட்டேன்.

ருக்குமணியக்கா என்ன சொன்னாங்கன்னு நெனைக்கறீங்க? "அவிய காலி பண்ணிட்டாங்களே. கேரளாப் பக்கம்." அதே மாதிரி. ஒரு எழுத்து மாறல. அவன் போட்டோ எடுத்துட்டுப் போயிட்டான்.

அடுத்த வாரம் சாந்தாமணிய பேங்குல கூப்பிட்டு, நீங்க குடுத்த விலாசத்துல நீங்க இல்லைன்னு ரிப்போர்ட் வந்திருக்குது, ஃபைல் திரும்பிருச்சுன்னுட்டாங்க. அவ மொகம் வெளுத்துப் போயி வந்தா. நேரா தண்ணிக் கொழாய்கிட்ட போனா. ருக்குமணியக்கா கொடம் வெச்சுட்டு நின்னாங்க. நான் துணி தொவைக்கற கல்லுகிட்ட நின்னேன்.

"யாராவது வந்து எங்களக் கேட்டாங்களாக்கா?"

"ஆமா சாந்தா."

"இல்லைன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"ஏனுங்க்கா? லோனு போட்டிருக்கறோம்னு உங்ககிட்டத்தான மொதல்ல சொன்னேன். எங்க பொழப்பக் கெடுக்கறதுக்குன்னே சொன்னீங்களா? நாங்க வாங்கிட்டா நீங்க எங்களுக்கு வாடகை குடுக்கோணும்னு மனசு தாங்கலையா?"

ருக்குமணியக்கா என்னையப் பாத்தாங்க. நான் பக்கெட்டுத் தண்ணியப் பாத்துட்டிருந்தேன். கொடம் நெறஞ்சு வழியுது, கொழாய மூடல. அப்பறம், "தெரியாமச் சொல்லிட்டேன் சாந்தா"ன்னாங்க. அவ்வளவுதான். கொடத்தத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. அன்னியோட ரெண்டு பேருக்கும் பேச்சில்ல. பொம்பளைங்க சண்டைல நாம உள்ள போகக் கூடாதுங்க.

அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்கன்னு சாந்தாமணி கேட்டா. ஊசி வாங்கக் கடைக்குப் போயிருந்தேன்னேன். எதுக்கு அவள எச்சா வெசனப்படுத்தறது.

அவ போயி அந்த மேடம்கிட்ட கெஞ்சி, இன்னொரு தடவை ஆள் அனுப்பறோம்னு சொல்ல வெச்சா. ஆடிக்கு நாள் நெருங்கிருச்சு. ஓனர் தெனமும் போன் பண்றாரு. அவளுக்குக் கம்பெனில ஷிப்மென்ட், லீவு எடுக்க முடியல. என்னைய லீவு போடச் சொன்னா. "நீங்க ஊட்டுல இருங்க. கதவத் தொறந்து வெச்சுட்டு இருங்க. வேற ஒன்னும் பண்ண வேண்டாம்." கொழந்தைக்குச் சொல்றாப்பல சொல்லிட்டுப் போனா.

கதவத் தொறந்து வெச்சுட்டு உட்கார்ந்திருக்கறது எவ்வளவு கஷ்டம்னு தெரியுங்களா தம்பி? தெருவுல ஒவ்வொரு வண்டியும் நம்ம ஊட்டுக்குத்தான் வருது. கொரியர்காரன் போனான், கேஸ்காரன் போனான், பழவண்டி போச்சு. சட்டை நனைஞ்சு, மாத்துனேன். மாத்துனதும் நனைஞ்சுது. ரெண்டாவது நாளு ஒரு பொண்ணு வந்துச்சுங்க, ஸ்கூட்டில. பிருந்தாவ விட நாலஞ்சு வயசு மூத்ததா இருக்கும். "சார், லோன் வெரிஃபிகேஷன்." எந்திரிக்க முடியல எனக்கு. சேரோட கைப்புடியப் புடிச்சுட்டே, "வாங்க கண்ணு"ன்னேன். அது ஊட்டைப் பாத்துச்சு, ஆதாரைப் பாத்துச்சு, என்னைய வாசப்படில நிக்க வெச்சு போட்டோ எடுத்துச்சு. எல்லாம் சரியாத்தான் போச்சு. அப்பறம் சொல்லுச்சு, "பக்கத்து வீட்டுல ஒருத்தர் சொல்லணும் சார். போன தடவை இல்லைன்னு சொன்னாங்களே, அவங்களே வந்து சொன்னா நல்லாருக்கும்."

நான் போனேன். வேற வழி? முன்வாசல் வரைக்கும் நாலு எட்டு. அதை நடக்கறதுக்குள்ள என்ற உசுரு போயிருச்சு. ருக்குமணியக்கா துணி மூட்டைக்கு நடுவுல உட்கார்ந்திருந்தாங்க.

"அக்கா, பேங்குல இருந்து வந்திருக்காங்க. நீங்க ஒரு வார்த்தை..."

"இன்னிக்கு என்ன சொல்லோணும்? இருக்கீங்கன்னா, இல்லைன்னா?"

"அக்கா."

கத்தரியக் கீழ வெச்சாங்க. கொரல எறக்கித்தான் பேசுனாங்க, அந்தப் பொண்ணுக்குக் கேக்கக் கூடாதுன்னு. "அன்னிக்கு நீங்க சன்னல்ல நின்னீங்க. நான் திரும்பிப் பாத்தேன். இருக்காருன்னு சொல்ல வாயெடுத்தேன். நீங்க வேண்டாம்னு கைய ஆட்டுனீங்க. பழசுல இன்னும் ஏதோ பாக்கி இருக்குதாட்ட, அந்த ஆளுகதான் வந்துட்டாங்களாட்டன்னு நெனச்சுட்டேன். நீங்க கை காட்டுனதாலதான் சொன்னேன்."

கை காட்டுனேனான்னு கேட்டீங்கன்னா, கை ஆடியிருக்கும் தம்பி. நடுங்குன கை. அது அவங்களுக்கு வேண்டாம்னு சொல்றாப்பல தெரிஞ்சிருக்குது. ரெண்டு தடவை ஆடியிருக்கும்.

"சாந்தாகிட்ட ஏனுங்க்கா சொல்லல?"ன்னு கேட்டேன்.

"நீங்க பக்கத்துலதான நின்னீங்க"ன்னாங்க.

சேலைய ஒதறிட்டு எந்திரிச்சு வந்தாங்க. அந்தப் பொண்ணு கேட்டுச்சு, இவங்களத் தெரியுமான்னு. "இவரு புள்ள பிருந்தா நாலாவது படிக்கறப்ப இருந்து தெரியும்." அப்ப போன தடவை ஏன் இல்லைன்னு சொன்னீங்க? "வேற யாரோன்னு நெனச்சுட்டேன் கண்ணு. காது அன்னிக்குச் சரியாக் கேக்கல." ஆளு எப்படின்னு கேட்டுச்சு. அப்ப என்னைய ஒரு பார்வை பாத்தாங்க பாருங்க. அந்த இளநீலச் சட்டைக்காரன் எதுத்தாப்பல உட்கார்ந்திருந்தப்பக்கூட நான் அப்படிப் பயப்படல. என்ற ஊடு, சாந்தாமணி, எல்லாமே அவங்க நாக்குல நின்னுச்சு.

"அவரு பாட்டுக்கு இருப்பாரு. யாருக்கும் கெடுதல் நெனைக்க மாட்டாரு." அப்படீன்னாங்க.

லோனு வந்துருச்சு. ஆடிக்கு முந்தின வாரம் கிரயம். ரிஜிஸ்டர் ஆபீசுல ரேகை வைக்கறப்ப என்ற வெரல சாந்தாமணிதான் புடிச்சு வெச்சா, மையில வழுக்கிட்டே இருந்துச்சுங்க.

கிரயம் ஆன மூணாம் நாளு சோறு போட்டுட்டே சொன்னா, "அந்தம்மாளக் காலி பண்ணச் சொல்லிருங்க. என்னால அவங்க மொகத்துல முழிக்க முடியாது." எனக்குப் பகீர்னு ஆயிருச்சு. சொல்லிறலாம்னு வாயத் தொறந்தேன் தம்பி, சத்தியமா. அதுக்குள்ள அவளே, "அன்னிக்கு நீங்க மட்டும் ஊட்டுல இருந்திருந்தா இத்தன பாடு உண்டா"ன்னா. அப்பறம் எங்க சொல்றது. சொன்னா அவ தாங்குவாளா? எத்தனையத் தாங்கியிருக்கா, இதை எப்படித் தாங்குவான்னு நெனச்சுட்டு ரசத்த ஊத்திக்கிட்டேன்.

ருக்குமணியக்காகிட்டப் போயி, மேல ரூம் கட்டற ரோசனை, அதுக்கு முன்போர்ஷன் வேணும்னு சொன்னேன். அவங்க ஒன்னும் கேக்கல. அந்த மாசமே போயிட்டாங்க. சின்ன டெம்போதான். கிரைண்டரை நாந்தான் தூக்கி ஏத்துனேன். ஏறி உட்கார்ந்துட்டு, "இனிமே யாராவது வந்தா நீங்களே பேசிக்குவீங்கல்ல?"ன்னு கேட்டாங்க. போறப்பக்கூட நம்ம மேல அக்கறை பாருங்க.

இப்ப முன்போர்ஷன் காலியாத்தான் கெடக்குது. யாரையும் வெக்கல. தெருவுல வண்டி நின்னா நேரா எங்க கதவுக்கே வந்துருது. கடன் ஒழுங்காத்தான் போகுது, ஒரு தவணை தப்பல. இருந்தாலும் வண்டிச் சத்தம் கேட்டா நான் சித்த பொடக்காளிப் பக்கம் போயிட்டு வருவேன். சாந்தாமணிதான் போயிக் கதவத் தொறப்பா.

ஒன்னு சொல்றேன் தம்பி, மனசுல வெச்சுக்குங்க. பாதி கட்டிட்டு மீதியத் தள்ளுபடி வாங்காதீங்க. அது எங்கயோ ஒரு பக்கம் நின்னுட்டே இருக்கும்.

அதென்னங்க, குன்னத்தூருங்கறான்? அதுக்குள்ள வந்துருச்சா. நான் இங்கதான் எறங்கோணும். ருக்குமணியக்கா இங்கதான் தங்கச்சி ஊட்டுக்குப் பக்கத்துல குடியிருக்காங்க. அவங்க பழைய ஓனருக்குக் குடுத்த ஊட்டு அட்வான்ஸ் நம்ம பொறுப்பாயி நின்னு போச்சு, சாந்தாமணி குடுத்துட்டு வரச் சொன்னா. போன வாரமும் வந்தேன். பஸ் ஸ்டாண்டுல டீ குடிச்சுட்டுத் திரும்பிட்டேன், ஆளக் காணோம்னு ஊட்டுல சொல்லிட்டேன்.

ஒன்னு கேக்கட்டுங்களா. நீங்களும் சித்த எறங்கி வர்றீங்களா? கோபிக்கு அடுத்த பஸ்ஸு பின்னாலயே வரும், டிக்கெட்டு நான் எடுத்துத் தர்றேன். நீங்க ஒன்னும் பேச வேண்டாம். என்ற பக்கத்துல நின்னாப் போதும். வேத்தாளு ஒருத்தரு கூட நின்னா அக்கா எதையும் கேக்க மாட்டாங்க. அந்த விசயத்துல அவங்கள நம்பலாமுங்க.